தாய்வீடான மருத்துவமனை
மருத்துவர் பெஞ்சமின் ஷியர்ஸின் வாழ்க்கை

தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் எருமையோடு தொடர்புடைய பெயர்கள் உள்ளன. ஒன்று, பஃபலோ சாலை. மற்றொன்று, கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மாடு வளர்ப்பும் மாட்டு வணிகமும் சிறப்பாக நடைபெற்றன. அத்தொழிலில் ஈடுபட்டவர்களுள் பலர் இந்தியர்கள். தொழுவங்கள் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால், அந்தப் பெயர் ஒரு மருத்துவமனையின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று புக்கிட் தீமா சாலையில் உயர்ந்து நிற்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரில் உள்ள ‘கேகே’ என்னும் எழுத்துகள் கண்டாங் கெர்பாவையே குறிக்கின்றன.

சிங்கப்பூரின் இரண்டாம் அதிபராக விளங்கிய பெஞ்சமின் ஹென்றி ஷியர்ஸின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த மருத்துவமனையில் கழிந்தது. அவரை அதிபராகவும், அவருடைய பெயரைத் தாங்கிய பாலத்தையும் பலர் அறிவர். ஆனால், அதிபராவதற்கு முன் முப்பது ஆண்டுகளாக அவர் ஆற்றிய பணி, இந்நாட்டுப் பெண்களின் அன்றாட வாழ்க்கையையே மாற்றிய ஒரு பெரும் பணியின் பகுதியாகும்.

அந்நாளில் பிள்ளைப்பேறு

தமிழ்க் குடும்பங்களில் முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கே தாயும் பாட்டியும் அத்தையும் உடனிருப்பர். பத்தியச் சாப்பாடு, மருந்து, எண்ணெய்க் குளியல் என எல்லாவற்றையும் அவர்களே கவனித்துக்கொள்வர். ஆனால், தமிழகத்திலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்த பெண்ணுக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. அக்காலத்தில் இங்கிருந்த இந்தியர்களுள் ஆண்களே மிகுதி. பெண்கள் மிகச் சிலரே. எனவே, பக்கத்து வீட்டுப் பெண்களின் உதவி கிடைப்பதும் எளிதாக இருக்கவில்லை.

சீனக் குடும்பங்களிலும் மலாய்க் குடும்பங்களிலும் வீட்டிலேயே பிள்ளை பெறுவதுதான் வழக்கமாக இருந்தது. அனுபவமிக்க மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பிள்ளைப்பேறு பார்ப்பார். பெரும்பாலான பிறப்புகள் நல்லபடியாகவே முடிந்தன. சிக்கல் ஏற்பட்டபோதுதான் ஆபத்து. குழந்தை வெளிவர வழியின்றித் தவித்தாலோ, தாய்க்கு இரத்தப்போக்கு நிற்காமல் போனாலோ, மருத்துவச்சியால் செய்யக்கூடியது சிறிதளவே. அப்போது மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர் அந்தத் தாய் அல்லர். கணவரோ மாமியாரோ குடும்பத்தின் மூத்தவர்களோ முடிவு செய்தனர். ஆண் மருத்துவரிடம் போவதற்குப் பல பெண்கள் கூச்சப்பட்டனர். மருத்துவமனை என்றால் சாவதற்குப் போகும் இடம் என்ற அச்சமும் பரவலாக இருந்தது. முடிவெடுக்கத் தாமதமான ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிரின் விலையாக இருந்தது.

இதனால் ஏற்பட்ட இழப்புகள் மிகப் பெரியவை. 1920களில் இங்குப் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 200 குழந்தைகள் தங்கள் முதல் பிறந்தநாளைக் காணாமலேயே இறந்தன. ஐந்து குழந்தைகளுள் ஒன்று என்று இதனைச் சொல்லலாம். தாய் இறந்துவிட்டால் குடும்பமே நிலைகுலைந்தது. பெரும்பாலும் மூத்த மகளே படிப்பை விட்டுவிட்டுத் தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றாள். ஒரு தாயின் மரணம் இவ்வாறு அடுத்த தலைமுறைப் பெண்ணின் வாழ்க்கையையும் மாற்றிவிட்டது.

நிலைமையை மாற்றுவதற்குப் பலர் உழைத்தனர். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளித்து, அவர்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தது. 1927ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து வந்த ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி, கம்பங்களில் உள்ள வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்குக் குழந்தை வளர்ப்புப் பற்றி எடுத்துரைக்கும் சேவையைக் கட்டியெழுப்பினார். அதற்குச் சற்று முன்னதாக, 1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை மகப்பேற்று மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அப்போது தாய்மாருக்கென 30 படுக்கைகளே அங்கிருந்தன. அந்தச் சிறிய மருத்துவமனைக்குத்தான் சில ஆண்டுகளில் இளம் மருத்துவர் ஷியர்ஸ் வந்து சேர்ந்தார்.

இளமையும் கல்வியும்

பெஞ்சமின் ஷியர்ஸ் 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரு யுரேஷியக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை பொதுப்பணித் துறையில் தொழில்நுட்ப மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். ஆறு பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தில் பெஞ்சமின் இரண்டாவது பிள்ளை. வசதி மிகுந்த குடும்பம் என்று சொல்ல முடியாது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியிலும் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்திலும் பயின்ற அவர், 1923ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1929ஆம் ஆண்டில் மருத்துவராகத் தேர்ச்சி பெற்றார்.

அது குடியேற்ற ஆட்சிக் காலம். உள்ளூரில் படித்த மருத்துவர்கள் எவ்வளவு திறமை பெற்றிருந்தாலும், உதவி மருத்துவ அதிகாரி என்ற நிலையிலேயே வேலையைத் தொடங்கினர். தலைமைப் பொறுப்புகள் ஐரோப்பியர்களுக்கே உரியவையாக இருந்தன. ஷியர்ஸும் அவ்வாறே ஊட்ரம் சாலையில் இருந்த பொது மருத்துவமனையில் உதவி மருத்துவ அதிகாரியாகப் பணியைத் தொடங்கினார். 1931ஆம் ஆண்டில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்கு வந்தார். மகப்பேற்று மருத்துவமே தமது துறை என்று அவர் தேர்ந்துகொண்டார். 1939ஆம் ஆண்டில் இயோ செ கெயோக் அம்மையாரை மணந்தார்.

அத்துறையில் பணியாற்றுவது எளிதன்று. பிள்ளைப்பேறு நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் மருத்துவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். மேலும், ஒரே நேரத்தில் இரண்டு உயிர்களைக் காக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. தமிழ், மலாய், ஹொக்கியன், கண்டனீஸ் எனப் பல மொழி பேசும் ஏழைப் பெண்கள் அங்கு வந்தனர். வேதனையின் உச்சத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம், அவளுடைய மொழியில் ஓரிரு சொற்களாவது பேசித் தேற்றுவதில் அங்கிருந்த தாதியர் பெரும்பங்கு வகித்தனர். அவர்கள் இல்லாமல் எந்த மருத்துவரும் அந்தப் பெண்களின் நம்பிக்கையைப் பெற்றிருக்க முடியாது.

உயிர் காத்த சிறு மாற்றம்

இயல்பாகப் பிறக்க முடியாத குழந்தையை அறுவை சிகிச்சை மூலம் வெளியே எடுப்பது முன்பே அறியப்பட்ட முறைதான். ஆனால், அது அந்நாளில் மிகுந்த ஆபத்தானது. கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறிக் குழந்தையை எடுப்பது பழைய முறை. கருப்பையின் மேற்பகுதி தடித்த தசையால் ஆனது. அதனைக் கீறினால் இரத்தம் பெருமளவு வெளியேறும். கிருமிகள் வயிற்றுக்குள் பரவும் வாய்ப்பும் அதிகம். தாய் பிழைத்துக்கொண்டாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. அடுத்த முறை அவர் கருவுறும்போது, பழைய தழும்பு பிளந்து உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும். ஐந்து, ஆறு பிள்ளைகள் பெறுவது இயல்பாக இருந்த காலத்தில், அந்தத் தழும்பு ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் தொடரும் அச்சமாக இருந்தது.

கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை ஐரோப்பாவில் சிலர் வளர்த்திருந்தனர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மன்ரோ கெர் என்ற மருத்துவர் அதனைப் பரப்பியவர்களுள் ஒருவர். கருப்பையின் கீழ்ப்பகுதி மெல்லியது. அங்குக் கீறினால் இரத்தப்போக்குக் குறையும். காயம் நன்கு ஆறும். அடுத்த பிள்ளைப்பேற்றின்போது தழும்பு பிளக்கும் வாய்ப்பும் குறையும். இந்த முறையைச் சிங்கப்பூரில் அறிமுகப்படுத்தி வேரூன்றச் செய்தவர் ஷியர்ஸ்.

கேட்பதற்கு இது சிறிய மாற்றம்போலத் தோன்றும். கீறும் இடம் சில அங்குலம் கீழே நகர்ந்தது, அவ்வளவே. ஆனால், புதிய முறையைக் கற்பதற்குப் பொறுமையும் கைத்திறனும் வேண்டும். ஷியர்ஸ் அதனைத் தாம் கற்றதோடு நிற்கவில்லை. தமக்குக் கீழ்ப் பணியாற்றிய இளம் மருத்துவர்களுக்கும் கற்பித்தார். கீழ்ப்பகுதி அறுவை முறையே இன்று உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. அக்காலத்தில் மருத்துவமனைக்குச் சென்ற ஓர் ஏழைப் பெண், தன் பிள்ளைகளிடம் உயிருடன் திரும்பி வந்தாள் என்ற செய்தி கம்பத்துக்குக் கம்பம் பரவியது. மருத்துவமனை மீதிருந்த அச்சம் குறைவதற்கு எந்த விளம்பரத்தையும்விட அந்தச் செய்தியே உதவியது.

போர்க்காலச் சோதனை

ஷியர்ஸின் திறமையை அறிந்த அரசாங்கம், பிரிட்டனில் மேற்படிப்புப் படிப்பதற்கு அவருக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தது. ஆனால், இரண்டாம் உலகப் போர் மூண்டதால் அவரால் புறப்பட முடியவில்லை. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டனர். மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பு உள்ளூர் மருத்துவர்களின் தோள்களில் விழுந்தது.

ஷியர்ஸ் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மகப்பேற்றுத் துறையின் தலைவரானார். உள்ளூர் நோயாளிகளுக்கான பிரிவின் கண்காணிப்பாளராகவும் பணியாற்றினார். மருந்துகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. அரிசி கிடைப்பதே அரிதாகி, மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். ஊட்டமின்றி மெலிந்த தாய்மார் மருத்துவமனைக்கு வந்தனர். போர் நடந்தாலும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. இருந்ததை வைத்துக்கொண்டு அந்தப் பெண்களைக் காப்பதே மருத்துவர்களின், தாதியரின் அன்றாடப் போராட்டமாக இருந்தது.

மூன்றரை ஆண்டுகள் நீடித்த அந்தக் காலம் ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. உள்ளூர் மருத்துவர்களால் ஒரு துறையைத் தனித்து நடத்த முடியும் என்பதே அது. அதிகாரம் தங்களுக்கு முறையாக வழங்கப்படாத காலத்திலும் அவர்கள் பொறுப்பை ஏற்று நடத்திக் காட்டினர்.

முதல் உள்ளூர்ப் பேராசிரியர்

போர் முடிந்த பிறகு ஷியர்ஸின் மேற்படிப்புக் கனவு நிறைவேறியது. அவர் லண்டனுக்குச் சென்றார். 1948ஆம் ஆண்டில் அரச மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தேர்வில் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பது. பல ஆண்டுகளாகத் துறைத் தலைவராக விளங்கிய ஒருவர் மீண்டும் மாணவராகித் தேர்வு எழுதினார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

1949ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் மகப்பேற்று மருத்துவத் துறைக்குப் பேராசிரியராக ஷியர்ஸ் நியமிக்கப்பட்டார். உள்ளூரில் பிறந்த ஒருவர் அந்தப் பதவியை ஏற்றது அதுவே முதன்முறை. அதன்பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவர் மாணவர்களுக்குக் கற்பித்தார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பின்னாளில் புகழ்பெற்ற மகப்பேற்று மருத்துவர்கள் பலர் அவருடைய துறையில் பயிற்சி பெற்றவர்களே. அவர் தலைமை தாங்கிய அதே துறைக்குப் பின்னர், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம் தலைவரானார். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983ஆம் ஆண்டில் பிறந்தது ரத்னம் தலைமையிலான குழுவின் முயற்சியால்தான்.

ஒரு நாளைக்கு நூறு பிறப்புகள்

போருக்குப் பின் சிங்கப்பூரின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. 1950களின் பிற்பகுதியில் ஒரு பெண் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல் பெற்றார். வீட்டில் பிள்ளை பெறும் வழக்கம் குறைந்து, மருத்துவமனைக்குச் செல்லும் வழக்கம் பெருகியது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை விரிவாக்கப்பட்டும் படுக்கைகள் போதவில்லை. இயல்பாகப் பிள்ளை பெற்ற தாய்மார் விரைவிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். தாதியர் அவர்களின் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் கவனித்தனர்.

ஷியர்ஸ் 1960ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகித் தனியார் மருத்துவரானார். ஆயினும், அவர் வளர்த்த மருத்துவர்களும் தாதியரும் பணியைத் தொடர்ந்தனர். 1966ஆம் ஆண்டில் அந்த ஒரே மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. சராசரியாக நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிறப்புகள். ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் மிக அதிகமான குழந்தைகள் பிறந்ததற்காக, அது கின்னஸ் உலகச் சாதனை நூலில் இடம்பெற்றது. அந்த ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானவை அங்கேயே பிறந்தன.

இந்த மாற்றத்தால் பிள்ளை பிறக்கும் இடம் மட்டும் மாறவில்லை. குடும்பத்துக்குள்ளும் பல மாற்றங்கள் ஏற்பட்டன. முன்பு மாமியாரும் மருத்துவச்சியும் சொன்னதே முடிவாக இருந்தது. இப்போது கருவுற்ற பெண் தானே பரிசோதனைக்குச் சென்று, தன் உடல்நிலையைப் பற்றித் தாதியிடம் நேரடியாகக் கேட்டறிந்தாள். மருத்துவமனை அட்டையில் அவளுடைய பெயர் எழுதப்பட்டது. அவளுடைய இரத்த அழுத்தமும் எடையும் குறித்துவைக்கப்பட்டன. வீட்டு வேலைகளுக்கு இடையில் தன் உடல்நலத்தைக் கடைசியாகவே எண்ணிப் பழகிய பெண்ணுக்கு, தன் உடலும் கவனிக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் பிறந்தது.

மகப்பேற்றுச் சேவைகள் பெண்களுக்கு வேலை வாய்ப்புகளையும் வழங்கின. வெளியில் வேலைக்குச் செல்லும் பெண்கள் குறைவாக இருந்த காலத்தில், தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெறுவது மதிப்புக்குரிய தொழிலாகக் கருதப்பட்டது. தம் மகளை வேலைக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர்கூட, பெண்களுக்குப் பணிவிடை செய்யும் தொழில் என்பதால் அதற்கு இணங்கினர். மேகி லிம் போன்ற பெண் மருத்துவர்கள் தாய்சேய் நலச் சேவையில் முன்னணியில் நின்றனர்.

பிள்ளைகளின் எண்ணிக்கையைத் திட்டமிடும் வழியும் பெண்களுக்குத் தெரியவந்தது. 1949ஆம் ஆண்டில் தொண்டூழியர்கள் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவினர். 1966ஆம் ஆண்டில் அப்பணியை அரசாங்க வாரியம் ஏற்றுக்கொண்டது. 1970களில் இரண்டு பிள்ளைகளே போதும் என்ற இயக்கம் நாடெங்கும் நடைபெற்றது. 1975ஆம் ஆண்டளவில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை இரண்டாகக் குறைந்தது. இதில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பிள்ளை பெறுவதைத் திட்டமிடுவது கணவன், மனைவி இருவரின் பொறுப்பு. ஆனால், கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்களே. பிள்ளை பெறும் வலியோடு, பிள்ளை பெறாமல் இருக்கும் பொறுப்பும் அவர்கள் மேலேயே விழுந்தது. முன்பு குடும்பத்து மூத்தவர்கள் முடிவு செய்தனர். பின்னர் அரசாங்கத்தின் கொள்கையும் அதில் பங்கு பெற்றது. 1987ஆம் ஆண்டில் அக்கொள்கை மாற்றப்பட்டு, வசதி உள்ளவர்கள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற ஊக்குவிக்கப்பட்டனர். நலத்திட்டங்கள் நன்மை தரும்போதும், அதில் பெண்ணின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்பது நம் கடமை.

இதே காலத்தில் வேறு மாற்றங்களும் கைகோத்தன. 1961ஆம் ஆண்டில் மாதர் சாசனம் நிறைவேற்றப்பட்டது. அடுக்குமாடி வீடுகளில் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்தன. தொழிற்சாலைகள் பெருகின. 1957ஆம் ஆண்டில் பெண்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வேலை செய்தனர். 1980ஆம் ஆண்டில் ஐந்தில் இருவருக்கு மேல் வேலை செய்தனர். பிள்ளைப்பேற்றில் உயிர் போகுமோ என்ற அச்சம் குறைந்ததும், பெறும் பிள்ளைகள் பிழைத்து வளர்வர் என்ற நம்பிக்கை வளர்ந்ததும் இந்த மாற்றத்துக்கு அடித்தளமாக அமைந்தன. 1950ஆம் ஆண்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு 80க்கு மேல் இருந்த குழந்தை இறப்பு விகிதம், 1960ஆம் ஆண்டில் ஏறத்தாழ 35ஆகக் குறைந்தது. தூய்மையான தண்ணீர், நல்ல உணவு, புதிய மருந்துகள், இரத்த வங்கி, தடுப்பூசி ஆகியவை அனைத்தும் இதற்குக் காரணங்கள். ஷியர்ஸும் அவருடைய குழுவினரும் அந்தப் பெரும் முயற்சியில் தங்கள் பங்கைச் செவ்வனே ஆற்றினர்.

அதிபர் மாளிகையில்

1970ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் காலமானார். அடுத்த அதிபராக நாடாளுமன்றம் ஷியர்ஸைத் தேர்ந்தெடுத்தது. 1971ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் அவர் பதவியேற்றார். அப்போது அவருக்கு வயது 63. அவர் அரசியல்வாதி அல்லர். செல்வச் செல்வாக்கு மிகுந்த குடும்பத்தில் பிறந்தவரும் அல்லர். சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், கல்வியாலும் உழைப்பாலும் நாட்டின் மிக உயர்ந்த பதவிக்கு உயர்ந்தார். பல இன மக்கள் வாழும் இளம் நாட்டுக்கு அது ஒரு நம்பிக்கைச் செய்தியாக அமைந்தது.

பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அதிபராகப் பணியாற்றினார். அடக்கமும் ஒழுங்கும் அவருடைய இயல்புகள். 1981ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே, நுரையீரல் புற்றுநோயால் காலமானார். கிராஞ்சி அரசாங்கக் கல்லறையில் அவருடைய உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் மாதம், கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையில் அமைந்த பெரும்பாலம் ஒன்று அவருடைய பெயரோடு திறக்கப்பட்டது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள ஷியர்ஸ் மாணவர் விடுதியும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

நினைவில் நிற்பவை

1997ஆம் ஆண்டில் கேகே மருத்துவமனை புதிய கட்டடத்துக்கு மாறியது. ஹேம்ஷியர் சாலையில் உள்ள பழைய கட்டடங்களில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம் இயங்குகிறது. அந்த இடத்தைக் கடந்து தேக்கா சந்தைக்குச் செல்வோரில் பலருக்கு, தாங்கள் பிறந்த இடத்தைத்தான் கடந்து செல்கிறோம் என்பது தெரியாது.

வாய்ப்புக் கிடைத்தால், உங்கள் பெற்றோரின் அல்லது தாத்தா பாட்டியின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த இடம் என்ற வரியில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை என்று எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அப்போது அவர்களுடைய தாய் எந்தச் சூழலில் அங்குச் சென்றார், அவருடன் யார் சென்றார், முடிவெடுத்தவர் யார், எத்தனை நாள் அங்கிருந்தார் என்றும் கேளுங்கள். பாடநூல்களில் இடம்பெறாத பல செய்திகள் அந்தப் பதில்களில் கிடைக்கும்.

கடலுக்கு அப்பால் தாய்வீட்டை விட்டு வந்த பெண்களுக்கு, எருமைத் தொழுவத்தின் பெயர் கொண்ட ஒரு மருத்துவமனை தாய்வீடாக விளங்கியது. அதனை அவ்வாறு ஆக்கியவர்களுள் பெயர் தெரியாத தாதியர் பலர். துணிந்து உள்ளே நுழைந்த தாய்மார் பலர். அவர்களோடு இரவும் பகலும் நின்ற மருத்துவர் பெஞ்சமின் ஷியர்ஸ், தாம் கற்ற நல்ல முறையைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஒரு தலைமுறைக்கே கற்பித்தார். பிள்ளையைப் பெற்ற தாய், அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்து செல்ல வேண்டும். அந்த எளிய விருப்பத்துக்காகவே அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.